சாக்கெட் யார் கையில்? ப்ராசஸர் அப்கிரேடின் 40 வருஷக் கதை

இந்த எபிசோடு ஒரு சாதாரணக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. கேம் ஆடுற நண்பர்கள் குழுவில் யாராவது ஒருத்தர் கண்டிப்பா இதைக் கேட்டிருப்பாங்க. "என் டெஸ்க்டாப்புல ப்ராசஸரை மட்டும் மாத்தினா போதுமா? இல்ல போர்டு, ரேம் எல்லாத்தையும் சேர்த்து மாத்தணுமா?" சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் இதைக் கேட்டா, பதிலுக்கு முன்னாடி ஒரு எதிர்க்கேள்விதான் வரும்: "இப்போ என்ன போர்டு வெச்சிருக்கீங்க?"

அந்த எதிர்க்கேள்விக்குப் பின்னால் 40 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. விளம்பரங்களில் எல்லாப் புகழும் சிப்புக்குத்தான் போகும். ஆனால் ஒரு கணினியை அப்கிரேடு பண்ண முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது சிப் அல்ல, அது உட்காரும் இடம். அதாவது மதர்போர்டில் இருக்கும் அந்தச் சதுரமான சாக்கெட். அந்தக் கதவின் சாவி யாரிடம் இருந்தது, எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

காலியாக விட்ட ஓர் இடம்

1981 ஆகஸ்ட். ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. உள்ளே இன்டெல் 8088 ப்ராசஸர், வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அந்த போர்டில் 8088-க்குப் பக்கத்திலேயே இன்னொரு சாக்கெட் காலியாக இருந்தது. தசம எண் கணக்குகளை வேகமாகப் போடும் 8087 என்ற துணைச் சிப்புக்கான இடம் அது. தேவைப்படுகிறவர்கள் பிறகு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். ஆக, ஐபிஎம் பிசி பிறக்கும்போதே அப்கிரேடுக்கு இடம் விட்டுத்தான் பிறந்தது.

இன்னொரு முக்கியமான விஷயம். ஒரே கம்பெனியை நம்பி இருக்க ஐபிஎம் விரும்பவில்லை. அதே சிப்பை வேறொருவரும் தயாரிக்க வேண்டும் என்று கேட்டது. அதனால் 1982-ல் இன்டெலும் ஏஎம்டியும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. இன்றைக்கு எலியும் பூனையுமாக இருக்கும் இந்த இரண்டு கம்பெனிகளும் அன்றைக்கு ஒரே வடிவமைப்பைத் தயாரித்த கூட்டாளிகள்.

1984-ல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் வி20 என்று ஒரு சிப்பைக் கொண்டுவந்தது. 8088-க்கு இருந்த அதே 40 கால்கள், அதே வரிசை. பழைய சிப்பை நெம்பி எடுத்துவிட்டு இதை வைத்தால் போதும், கணினி முன்பைவிட வேகமாக ஓடும். இன்னைக்கு நாம 'டிராப்-இன் அப்கிரேடு'ன்னு சொல்றோமே, அதோட தாத்தா இதுதான். இன்டெல் சும்மா இருக்கவில்லை, வழக்கு நடந்தது. 1989-ல் தீர்ப்பு வந்தது: என்.இ.சி. எதையும் திருடவில்லை.

வாங்கியதையே திரும்ப வாங்குவது

1985-ல் 386 வந்தபோது இன்டெல் ஒரு முடிவெடுத்தது. இந்த வடிவமைப்பை இனி ஏஎம்டியோடு பகிர்ந்துகொள்ளப் போவதில்லை. பல வருடச் சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 1991-ல்தான் ஏஎம்டி தன் 386 சிப்பை விற்க முடிந்தது. ஆனால் வரும்போதே 40 மெகாஹெர்ட்ஸில் வந்தது. இன்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ்தான். அதே வருஷம் '386' என்ற வெறும் எண்ணை ட்ரேட்மார்க்காக வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 586 என்று வந்திருக்க வேண்டிய சிப்புக்குப் 'பென்டியம்' என்று பெயர் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதே 1991-ல் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்றேன். இன்டெல் 486எஸ்எக்ஸ் என்று விலை குறைந்த ஒரு சிப்பை விட்டது. அது 486-தான். உள்ளே இருந்த தசமக் கணக்குப் பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். "பிறகு வேணும்னா 487 துணைச் சிப்பை வாங்கிப் போட்டுக்கோங்க" என்று ஒரு சாக்கெட்டும் கொடுத்தார்கள். அந்த 487 உண்மையில் துணைச் சிப்பே அல்ல. அது ஒரு முழு 486, கூடுதலாக ஒரு கால் மட்டும் உண்டு. அதைச் செருகியதும் பழைய சிப் முழுவதுமாக ஓய்வெடுத்துக்கொள்ளும், புதியது எல்லா வேலையையும் பார்க்கும். அதாவது நீங்க காசு கொடுத்து வாங்கின முதல் சிப், போர்டுல சும்மா உட்கார்ந்திருக்கும்!

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. கிட்டத்தட்ட 20 வருஷம் கழித்து, 2010-ல், பென்டியம் ஜி6951 என்ற சிப்புக்கு இன்டெல் 50 டாலருக்கு ஒரு கார்டு விற்றது. அதில் இருக்கும் கோடை உள்ளிட்டால், சிப்புக்குள் ஏற்கெனவே இருந்த, ஆனால் பூட்டி வைத்திருந்த கேச் மெமரியும் ஹைப்பர்-த்ரெடிங்கும் திறந்துகொள்ளும். ஜனங்க திட்டித் தீர்த்தாங்க. அடுத்த வருஷமே அந்தத் திட்டம் நின்றுவிட்டது.

ஆனால் அப்கிரேடு என்பதைச் சாதாரண ஆளும் செய்யலாம் என்று ஆக்கியதில் இன்டெலுக்கும் பங்கு உண்டு. 1992-ல் 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் அப்கிரேடுக்கென்றே தனிச் சிப்புகளை விற்றது. பக்கவாட்டில் கைப்பிடி வைத்த சாக்கெட்டுகளும் இந்தக் காலத்தில்தான் பரவலாக வந்தன. கைப்பிடியைத் தூக்கி, சிப்பை வைத்து, கைப்பிடியை இறக்கினால் முடிந்தது. அதற்கு முன்பு இருந்த மாதிரி அழுத்தித் தள்ளி, கால் வளைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஒரே சாக்கெட், போட்டிக்கு நாலு பேர்

90-களின் நடுவில் வந்த சாக்கெட் 7-ஐ ஒரு பொற்காலம் என்றே சொல்லலாம். ஒரே போர்டில் இன்டெல் பென்டியம் போடலாம், ஏஎம்டி கே6 போடலாம், சைரிக்ஸ் 6எக்ஸ்86 போடலாம், ஐடிடி வின்சிப் போடலாம். நாலு கம்பெனி, ஒரு சாக்கெட். வாங்குகிறவர் கையில்தான் பேரம்.

"கேமுக்கு எது, தினசரி வேலைக்கு எது" என்ற இன்றைய விவாதமும் இங்கேதான் சூடு பிடித்தது. 1993-ல் வந்த டூம் முழு எண் கணக்கை வைத்தே ஓடியது, ஒரு நல்ல 486 போதும். 1996-ல் வந்த க்வேக் முழுக்க முப்பரிமாணம். அதை எழுதியவர்கள் பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதியை நுணுக்கமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். தசம வகுத்தல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் முழு எண் வேலைகளை முடித்துக்கொள்ளும் அளவுக்குக் கணக்குப் போட்டு எழுதினார்கள். சைரிக்ஸ் சிப்பால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆபீஸ் வேலைகளில் பென்டியத்துக்குச் சவால் விட்ட அதே சிப், க்வேக்கில் திணறியது. ஒரே சாக்கெட், பெட்டி மேலே ஏறக்குறைய ஒரே எண், ஆனால் அனுபவம் வேற. "வேகமான ப்ராசஸர்னா எதுக்கு வேகம்?"னு கேட்கணும்னு அன்றைய கேமர்கள் கத்துக்கிட்டது இப்படித்தான்.

1997-ல் இந்தப் பொதுக் கதவு மூடியது. பென்டியம் 2 சாக்கெட்டில் வரவில்லை. வீடியோ கேம் கார்ட்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டியில், ஸ்லாட் 1 என்ற புதிய செருகுவாயில் வந்தது. இதற்கு ஒரு நியாயமான பொறியியல் காரணம் இருந்தது. அன்றைய கேச் மெமரி தனிச் சிப்புகளாக இருந்ததால் அவற்றை ப்ராசஸருக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் வைக்க வேண்டியிருந்தது. ஆனால் ஸ்லாட் 1-ஐ இன்டெல் தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது. ஏஎம்டி பழைய சாக்கெட் 7-ஐயே கொஞ்சம் வேகப்படுத்தி ஓட்டியது. பிறகு 1999-ல் அத்லான் சிப்போடு ஸ்லாட் ஏ என்ற தனி வழியைப் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து போர்டு வாங்கும்போதே கட்சியையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றாகிவிட்டது.

149 டாலர் சிப்பும் ஒரு பென்சிலும்

கதவு மூடினா ஜன்னல் வழியாப் போறவங்க எப்பவும் இருப்பாங்க இல்லையா? 1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. விலை 149 டாலர். அதே நேரத்தில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் மாடல் 669 டாலர். செலரானின் கணக்கு எளிமையானது: போர்டு கொடுக்கும் 66 மெகாஹெர்ட்ஸை 4.5-ஆல் பெருக்கினால் 300. கேமர்கள் போர்டின் வேகத்தை 66-லிருந்து 100-க்கு மாற்றினார்கள். 100 பெருக்கல் 4.5 எவ்வளவு? 450! கேச் மெமரி 128 கேபிதான் என்றாலும், அது சிப்புக்கு உள்ளேயே முழு வேகத்தில் ஓடியது. பல கேம்களில் அந்த விலை உயர்ந்த பென்டியத்துக்குப் பக்கத்திலேயே போய் நின்றது.

2000-ல் ஏஎம்டியின் சாக்கெட் ஏ வந்தபோது இன்னொரு வித்தை பரவியது. அந்த அத்லான் சிப்புகளின் மேல்பரப்பில் 'எல்1' என்று குறித்த சின்னச் சின்ன இணைப்புகள் வெட்டப்பட்டிருந்தன. பெருக்கல் எண்ணை மாற்றவிடாமல் பூட்டுவதற்காக அப்படி. சாதாரணப் பென்சிலால் அந்த வெட்டின் மேல் கோடு இழுத்தால் கிராஃபைட் வழியாக மின்சாரம் போகும், பூட்டு திறந்துவிடும்.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஒரு சோகக் கதை. 2000 நவம்பரில் பென்டியம் 4 சாக்கெட் 423-ல் வந்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2001 ஆகஸ்டில் சாக்கெட் 478 வந்து அதன் இடத்தைப் பிடித்தது. விலை அதிகமான ராம்பஸ் ரேமும் சேர்த்து வாங்கியவர்களுக்கு 2 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போக வழி இல்லை. போர்டு புத்தம் புதுசு, ஆனா முன்னாடி முட்டுச்சந்து.

பெயர் ஒன்று, கதவு வேறு

இங்கே ஒரு நுணுக்கம். சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. 2004-ல் வந்த எல்ஜிஏ 775 நல்ல உதாரணம். கால்கள் சிப்பிலிருந்து போர்டுக்கு இடம் மாறியது இதில்தான். 2006 ஜூலையில் கோர் 2 டியோ அதே 775-ல் வந்தது. ஆனால் பழைய 775 போர்டுகள் பலவற்றால் அதை இயக்க முடியவில்லை. உள்ளே போய் உட்காரும், ஆனால் போர்டு கொடுக்கும் மின்னழுத்தமும் சிப்செட்டும் ஒத்துவராது. கடைக்காரர் சாக்கெட் பெயரை மட்டும் கேட்காமல் போர்டின் மாடலையே கேட்பது இதனால்தான்.

அதே 775-க்குப் பிற்காலத்தில் ஒரு மறுவாழ்வும் கிடைத்தது. சர்வர்களிலிருந்து கழற்றிய ஸியான் சிப்புகள் எல்ஜிஏ 771-ல் இருந்தவை. இரண்டு தொடுமுனைகளை இடம் மாற்றும் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, ஓரத்தில் கொஞ்சம் செதுக்கினால் அவை 775 போர்டில் வேலை செய்தன. குப்பைக்குப் போக வேண்டிய சிப், குப்பைக்குப் போக வேண்டிய போர்டை இன்னும் சில வருஷம் ஓட வைத்தது.

கோர் 2-க்குப் பிறகு ஏஎம்டி பின்தங்கியது. போட்டி இல்லாத வீட்டில் அவசரம் எதற்கு? இன்டெலின் வழக்கமான டெஸ்க்டாப் வரிசையில் 2007-ல் 4 கோர் வந்தது, 2017 தொடக்கத்தில் வந்த 7700கே-யிலும் அதே 4 கோர்தான். சாக்கெட்டுகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தன: 2009-ல் 1156, 2011-ல் 1155, 2013-ல் 1150, 2015-ல் 1151. எண்களைப் பார்த்தாலே தெரியும், சில கால்கள்தான் வித்தியாசம். 2017 அக்டோபரில் 6 கோர் 8700கே வந்தபோது சாக்கெட் பெயர்கூட மாறவில்லை, அதே 1151. ஆனாலும் பழைய 1151 போர்டில் ஓடாது என்றார்கள். மின்சாரத்துக்குக் கூடுதல் கால்கள் தேவை என்பது இன்டெல் சொன்ன காரணம். பயாஸை மாற்றி எழுதி, சில தொடுமுனைகளை மறைத்து, பழைய போர்டிலேயே அந்தச் சிப்புகளை ஓட்டிக் காட்டினார்கள் சில ஆர்வலர்கள். எல்லாருக்கும் ஏற்ற வழி இல்லைதான். ஆனா அந்தக் கதவு முழுக்கத் தொழில்நுட்பத்தால் மூடப்பட்டதா என்ற சந்தேகத்தை அது நிரந்தரமா கிளப்பிவிட்டது.

2020 மே: கதவைத் தட்டியவர்கள்

2017 மார்ச்சில் ஏஎம்டி ரைசனோடு திரும்பி வந்தது. 8 கோர், 499 டாலர். சாக்கெட்டின் பெயர் ஏஎம்4. கூடவே ஒரு வாக்குறுதி: இந்த சாக்கெட்டை 2020 வரை ஆதரிப்போம். பின்தங்கியிருந்த கம்பெனி வாங்குகிறவரின் நம்பிக்கையைப் பெறக் கொடுத்த வாக்கு அது. பலர் அதை நம்பித்தான் போர்டு வாங்கினார்கள்.

2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது: அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை 500 வரிசை போர்டுகளில் மட்டுமே ஓடும். பி450, எக்ஸ்470 போர்டு வைத்திருப்பவர்களுக்கு இல்லை. காரணமாகச் சொன்னது பயாஸ் இருக்கும் மெமரிச் சிப்பின் அளவு. பல போர்டுகளில் அது 16 எம்பிதான். இத்தனை தலைமுறைச் சிப்புகளுக்கான குறிப்புகளையும் அதற்குள் அடைக்க இடமில்லை.

காரணம் பொய் இல்லை. ஆனா ஜனங்க கேட்ட கேள்வியும் நியாயமானது: "வாக்குக் கொடுத்தது நீங்கதானே?" இணையம் முழுக்கக் கொதித்தது. சில நாட்களிலேயே, அதே மே மாதத்தில், ஏஎம்டி இறங்கி வந்தது. பி450, எக்ஸ்470-க்கும் பீட்டா பயாஸ் தருவோம், ஆனால் பழைய சிப்புகள் சிலவற்றுக்கான ஆதரவை அதில் நீக்க வேண்டி வரும் என்றது. அதாவது இடம் பண்ண வழி இருந்தது. 2022-ல் முதல் தலைமுறை 300 வரிசை போர்டுகளுக்கும் கதவு திறந்தது. இதற்கிடையே 2021 கடைசியில் இன்டெல் 12-ஆம் தலைமுறைச் சிப்புகளோடு பலமாகத் திரும்பி வந்திருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஜனங்க சத்தம் ஒரு பக்கம், போட்டி இன்னொரு பக்கம்.

அந்த 2022 ஏப்ரலில்தான் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. அதன் வேகம் வழக்கமான 5800எக்ஸைவிடக் குறைவு: அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 4.5. ஆனால் சிப்பின் மேலேயே 64 எம்பி கேச் மெமரியை மாடி மாதிரி அடுக்கியிருந்தார்கள். மொத்தம் 96 எம்பி. ஏன் இது முக்கியம்? கேமில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. ஆனால் எதிரி எங்கே நகர்கிறான், எதன் மேல் எது மோதியது, அடுத்து எதை வரையணும் என்று சொல்லிக் கொடுப்பது ப்ராசஸர். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட்தான். தேவையான தகவலுக்காக ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய் வந்தால் ப்ராசஸரின் நூற்றுக்கணக்கான சுழற்சிகள் வீணாகும். தகவல் பக்கத்திலேயே இருந்தால் அந்தக் காத்திருப்பு மிச்சம்.

யோசிச்சுப் பாருங்க. 2017-ல் 4 கோர் ரைசன் 3 வாங்கியவர், அதே போர்டு, அதே டிடிஆர்4 ரேமோடு, அன்றைய மிகச் சிறந்த கேமிங் ப்ராசஸர்களில் ஒன்றைப் போட்டுக்கொள்ள முடிந்தது. சாக்கெட் 7-க்குப் பிறகு இப்படியொரு தாவல் அபூர்வம்.

உங்க மேஜைக்கு வருவோம்

இந்த வரலாறு இன்னைக்கு அப்கிரேடு யோசிக்கிறவருக்கு என்ன சொல்லுது? முதலில், க்வேக் சொன்ன பாடம்: எதுக்கு வேகம் வேணும்? கேமில் ரெசல்யூஷனையும் கிராபிக்ஸ் அளவையும் குறைத்துப் பாருங்க. ஃப்ரேம் எண்ணிக்கை நல்லா ஏறினால் நெரிசல் கிராபிக்ஸ் கார்டில். அசையவே இல்லையென்றால் ப்ராசஸரில். பிரவுசர், ஆபீஸ் வேலை மட்டும் மந்தமா இருக்குன்னா, இன்னும் ஹார்டு டிஸ்க்கில்தான் விண்டோஸ் ஓடுதான்னு முதலில் பாருங்க. எஸ்எஸ்டி கொடுக்கும் வித்தியாசம் பல நேரம் புது ப்ராசஸரைவிடப் பெரிசு.

ரெண்டாவது, 775 சொன்ன பாடம்: சாக்கெட் பெயரை மட்டும் நம்பாதீங்க. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்க மாடலுக்கான ப்ராசஸர் பட்டியல் இருக்கும். அதில் சிப்பின் பெயரும், பக்கத்தில் எந்த பயாஸ் பதிப்பு வேணும் என்பதும் இருக்கும். பழைய சிப் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யணும். கழற்றிய பிறகு ஞாபகம் வந்தா, பல போர்டுகளில் திரையே வராது. சின்ன போர்டில் பெரிய சிப் போடும்போது மின்சாரப் பகுதியும் கூலரும் தாங்குமா என்றும் பார்த்துக்கோங்க.

மூணாவது, புதுசா வாங்குகிறவருக்கு ஏஎம்4 சொன்ன பாடம்: அந்த சாக்கெட் இன்னும் எத்தனை வருஷம் வாழும்னு கேளுங்க. இன்டெலின் எல்ஜிஏ 1700 மூன்று தலைமுறை ஓடியது, 2024-ல் 1851 வந்துவிட்டது. 2022-ல் வந்த ஏஎம்5-ஐ 2027 வரையிலும் அதற்கு மேலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. வாக்குறுதிதான், எழுதி வெச்சுக்கோங்க. 2020-ல் ஞாபகம் வைத்திருந்தவர்கள் கேட்டதால்தான் அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது.

உங்க கணினியில் எந்த சாக்கெட் இருக்கு, அதில் இதுவரை எத்தனை ப்ராசஸர் மாறியிருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.